காதைப் பொத்திக்கொண்டு ஓடியவனும் விட்டுவந்த பையனும்

தன் ஊர் ஒருநாள் எரிந்து சாம்பலாகப் போகிறது என்று ஒருவன் ஒரு புத்தகத்தில் படித்துவிடுகிறான். முதுகில் இறக்கி வைக்க முடியாத மூட்டை வேறு. என்ன செய்வதென்று தெரியாமல் அழுகிறான், புலம்புகிறான், கடைசியில் ஒருநாள் வீட்டை விட்டு ஓட ஆரம்பிக்கிறான். பெண்டாட்டியும் பிள்ளைகளும் திரும்பி வரச்சொல்லிக் கத்துகிறார்கள். இவன் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியே போய்விடுகிறான்.

1678-ல் லண்டனில் வெளியான ஜான் பன்யனின் 'தி பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. நம்மூர் கிறிஸ்தவ வீடுகளில் இதற்கு 'மோட்சப் பிரயாணம்' என்று பெயர். எத்தனை வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்! பாளையங்கோட்டைக்காரனுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது, அவன் எந்த மதமாக இருந்தாலும்.

அந்தப் புத்தகத்தை 338 வருஷம் கழித்து அமெரிக்காவில் ஐந்து பேர் ரெண்டு சிடி ராக் ஆல்பமாகப் போட்டார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எனக்குச் சங்கீத ஞானம் பூஜ்யம், பி.காம். படித்துவிட்டு வட்டிக்கணக்கு பார்த்துக்கொண்டிருப்பவன். ஆனால் இந்த ஆல்பத்தைக் கேட்கக் கேட்க, பன்யன் காலத்திலிருந்தே யாருக்கும் சரியாகத் தீர்க்க வராத ஒரு கணக்கு அதில் கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் விட மனசில்லை.

ஆல்பத்தின் பெயர் 'தி சிமிலிட்டியூட் ஆஃப் எ ட்ரீம்'. 2016 நவம்பரில் வெளிவந்தது. நீல் மோர்ஸ் பேண்ட் என்ற குழு. பெயரே பன்யன் புத்தகத்தின் முகப்புப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான். கதை முழுவதையும் ஒரு கனவாகச் சொல்கிறேன் என்று அவர் அங்கே போட்டிருப்பார். மொத்தம் 23 பாட்டு, நூறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். ஒரே கதை. ராக் உலகத்தில் இதைக் கான்செப்ட் ஆல்பம் என்பார்கள். 1969-ல் தி ஹூ குழுவின் 'டாமி', 1979-ல் பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' எல்லாம் அந்த வகை. நமக்கு இதொன்றும் புதுசில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளும் பாட்டுப் பாட்டாக ஒரே கதையைத்தானே சொல்லிக்கொண்டு போகின்றன!

நீல் மோர்ஸ் யார் என்று கொஞ்சம் சொல்லியாகணும். 1992-ல் அண்ணன் தம்பியாகச் சேர்ந்து ஸ்பாக்ஸ் பியர்ட் என்றொரு குழு ஆரம்பித்தார்கள். 'ஸ்டார் ட்ரெக்' பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் புரிந்து சிரிப்பு வரும். பாட்டு எழுதுவது, பாடுவது, கீபோர்டு எல்லாம் நீல், கித்தார் ஆலன். பத்து வருஷத்தில் ப்ரோக்ரெசிவ் ராக் ரசிகர்கள் மத்தியில் நல்ல பெயர். 2002-ல் 'ஸ்னோ' என்ற இரட்டை ஆல்பம் வெளிவந்தது. வந்த கையோடு நீல் விலகிவிட்டார். டிரான்ஸ்அட்லாண்டிக் என்ற இன்னொரு குழுவையும் சேர்த்தே விட்டார். கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வந்துவிட்டேன், இனி என் பாட்டு அதைப் பற்றித்தான் என்றார். 2003-ல் 'டெஸ்டிமனி' என்று தன் மனமாற்றத்தையே இரட்டை ஆல்பமாகப் பாடினார். 2007-ல் 'சோலா ஸ்க்ரிப்துரா', மார்ட்டின் லூதரைப் பற்றி.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூடிவிட்டுப் போன மாதிரிதான். கூடவே அண்ணன் தம்பி உறவும் அந்தக் கடைக்குள்ளேதான் இருந்தது. ஸ்பாக்ஸ் பியர்ட் அவர் இல்லாமலே தொடர்ந்தது, டிரம்மரே பாடகர் ஆனார். அப்படி ஒன்றை விட்டுவிட்டு வந்தவர், வீட்டை விட்டு ஓடும் மனிதனின் கதையைக் கையில் எடுப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எடுக்க 14 வருஷம் ஆனதுதான் எனக்கு ஆச்சரியம்.

குழுவில் மற்றவர்கள்: டிரம்ஸில் மைக் போர்ட்னாய், ட்ரீம் தியேட்டர் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவரும் 2010-ல் அந்தப் பெரிய வீட்டை விட்டு வெளியே வந்தவர்தான். (2023-ல் திரும்பிப் போனார்.) பேஸில் ராண்டி ஜார்ஜ், கீபோர்டில் பில் ஹுபவர், கித்தாரில் எரிக் ஜில்லெட். இந்த ஜில்லெட் வாசிப்பதைக் கேட்டால் நமக்கு விரல் வலிக்கும்.

ஆல்பம் சத்தமே இல்லாமல் ஆரம்பிக்கிறது. 'லாங் டே' என்று ரெண்டு நிமிடம்கூட வராத ஒரு பாட்டு. ஒரு மனுஷன் சாயங்காலம் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அடுத்து 'ஓவர்ச்சர்'. வார்த்தையே இல்லாத வாத்திய இசை. பின்னால் வரப்போகிற மெட்டுகளை எல்லாம் முன்கூட்டியே ஒரு தடவை காட்டிவிட்டுப் போகிறது. மேற்கத்திய ஓபராவிலிருந்து வந்த பழக்கம். அப்புறம் கனவு, அழிவின் நகரம், கிளம்பல், சேறு என்று புத்தகத்தின் வரிசையிலேயே போகிறது. 'சிட்டி ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' கேட்டால் சுவர் அதிரும், ஹெட்போன் உத்தமம். 'தி வேஸ் ஆஃப் எ ஃபூல்' நேர்மாறு, பீட்டில்ஸ் கால ஜாலி. இதை ஹுபவர் பாடுகிறார். உலக ஞானிகளின் பேச்சைக் கேட்டு வழி தவறுகிறவனுக்கு இப்படித் துள்ளலான மெட்டு போட்டது நல்ல குறும்பு. வழி தவறும்போது யாருக்கும் அது சோகமாகத் தெரிவதில்லையே!

இரண்டாவது சிடியில் இரும்புக் கூண்டு மனிதன், சோம்பல், முகமூடி, கடைசியில் அப்பொல்லியோன் என்ற அரக்கனோடு சண்டை. நடுவில் 'ஐம் ரன்னிங்' என்று ஒன்று; ராண்டி ஜார்ஜின் பேஸ் அதில் தனியாகப் புகுந்து விளையாடும். முடிவில் 'ப்ரோக்கன் ஸ்கை' வந்து, அதற்குள் அந்த முதல் 'லாங் டே' மெட்டு பெரிய ஆகிருதியோடு திரும்பி வரும்போது... சரி, அதை எழுத்தில் சொல்ல முடியாது. கேளுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் பிரசங்கம் தூக்கல். இரண்டாவது சிடியின் நடுவில் பத்து நிமிடம் வெட்டியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் என் உண்மையான பிரச்சினை அதில்லை. அந்த 23 பாட்டில் பெண்டாட்டிக்கு என்று ஒரு பாட்டு கிடையாது. பின்னால் நின்று கத்தினார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட பன்யனிடமே போகணும்.

பன்யன் 1628-ல் பெட்ஃபோர்ட் ஊருக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்தார். அப்பா ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர், மகனுக்கும் அதே தொழில். பெரிய படிப்பு இல்லை. உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் கொஞ்சகாலம் சிப்பாய். பிறகு மனம் திரும்பி, அரசாங்கத் திருச்சபையின் அனுமதி இல்லாமல் கிராமங்களில் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். கூட்டம் கூடியது. 1660-ல் ராஜா இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்ததும் இப்படிப்பட்டவர்களுக்குக் கெட்ட காலம். அந்த நவம்பரில் பன்யனைப் பிடித்தார்கள்.

முதலில் மூன்று மாதம்தான் தண்டனை. இனி பிரசங்கம் செய்ய மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொல்லவில்லை. மூன்று மாதம் பன்னிரண்டு வருஷம் ஆனது! 1672-ல் ராஜா ஒரு பொதுச் சலுகை அறிவித்த பிறகுதான் வெளியே வந்தார். மூன்று மாதக் கடன் பன்னிரண்டு வருஷம் வாராக்கடனாக நின்றது என்று எங்கள் பாஷையில் சொல்லலாம். ஆனால் இங்கே கட்டாமல் நின்றவர் தினமும் கட்ட முடிந்தவர். அந்த ஒரு வார்த்தைதான் தவணை.

இப்போது வீட்டுப் பக்கம் பாருங்கள். முதல் மனைவி 1658-ல் இறந்துவிட்டார். நான்கு குழந்தைகள், மூத்தவள் மேரிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்ட எலிசபெத், கணவன் கைதான செய்தி கேட்ட அதிர்ச்சியில் நாள் வருவதற்கு முன்பே பிரசவ வலி கண்டு, குழந்தையைப் பறிகொடுத்தார். தான் பெறாத நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தார் தர்மத்தில் காலம் தள்ளிய அந்தப் பெண், 1661 ஆகஸ்டில் பெட்ஃபோர்டுக்கு வந்த நீதிபதிகள் முன்னால் போய் நின்று கணவனுக்காக வாதாடினார். மேத்யூ ஹேல் என்ற நீதிபதி மட்டும் இரக்கத்தோடு கேட்டார். கூட இருந்தவர் எரிந்து விழுந்தார். உன் புருஷன் பிரசங்கத்தை விடுவானா என்று கேட்டதற்கு, பேச வாய் இருக்கும்வரை விடமாட்டார் என்ற பொருளில்தான் எலிசபெத்தும் பதில் சொன்னார். அதாவது கணவன் சொல்ல மறுத்த அந்த ஒரு வார்த்தையை இவரும் அவருக்காகச் சொல்லவில்லை. காலில் விழுந்து கெஞ்சும் மனைவி பாத்திரம் இல்லை இது. வீரம் என்றால் எனக்கு இந்த நாலு பேர் நடுவில் நின்ற பெண்தான் முதலில் ஞாபகம் வருகிறாள்.

சிறையில் பன்யன் நீளக் கயிறுகளுக்கு நுனியில் உலோக முனை போட்டு, குரோஸ் கணக்கில் விற்று வீட்டுக்குக் காசு அனுப்பினார். 1666-ல் எழுதிய சுயசரிதையில், குடும்பத்தைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது மாதிரி இருக்கிறது என்கிறார்; அதிலும் அந்தக் கண் தெரியாத பெண்ணை நினைக்கும்போது. இதை எழுதியவர்தான் காதில் விரலை விட்டுக்கொண்டு ஓடுகிறவனையும் எழுதினார். இரண்டும் ஒரே கை.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' முதல் பதிப்பு ஒன்றரை ஷில்லிங் விலையில் வந்து உடனே விற்றுத் தீர்ந்தது. அதே 1678-லேயே இரண்டாம் பதிப்பு. அதில் பன்யன் சில பகுதிகளைப் புதிதாகச் சேர்த்தார். ஒன்று, ஓடுவதற்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் மனசைத் திறந்து சொல்லும் இடம். இன்னொன்று, பாதி வழியில் சாரிட்டி என்ற பெண் அவனை உட்காரவைத்து, உனக்குக் குடும்பம் இல்லையா, ஏன் கூட்டி வரவில்லை என்று விசாரிக்கும் இடம். அவன் அழுதுகொண்டே பதில் சொல்கிறான்: கூப்பிட்டேன், வரவில்லை. யாராவது வாசகர் கேட்டாரா, வீட்டில் எலிசபெத் கேட்டாரா, இல்லை அவர் மனசே கேட்டதா? எதுவாயிருந்தாலும், புத்தகம் அச்சேறின பிறகும் அந்த இடம் அவரை உறுத்தியிருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

அதோடும் அடங்கவில்லை. 1684-ல் இரண்டாம் பாகமே எழுதினார். இந்த முறை கிளம்புவது மனைவி கிறிஸ்டியானா, நான்கு பையன்களோடு. வீட்டிலும் நான்கு, கதையிலும் நான்கு. பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்துகொள்கிறாள், வழிகாட்ட ஒரு துணை உண்டு. மெதுவாகப் போகிறார்கள். குழந்தைகளுக்குக் கால் வலிக்கிறது, நின்று சாப்பிடுகிறார்கள், ஒரு பையனுக்கு வயிற்றுவலி வந்து மருந்து கொடுக்கிறார்கள். முதல் பாகத்தின் வேகம் இதில் இல்லை என்று குறை சொல்வார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நம் பக்கத்துக் கதையையும் சொல்லணும், ஏனென்றால் இதே புத்தகத்தை மோர்ஸுக்கு 122 வருஷம் முன்னாலேயே பாட்டாக்கியவர் எங்கள் ஜில்லாக்காரர். திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. கம்பனில் ஊறிய தமிழாசிரியர். 1858-ல் கிறிஸ்தவரானார். 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' வந்தது: பன்யன் கதை, ஐந்து பருவம், மூவாயிரத்து எழுநூறுக்கும் மேல் விருத்தங்கள். பள்ளியில் எங்கள் தமிழய்யா செய்யுள் பகுதி நடத்தும்போது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கம்பராமாயணம் மாதிரியே இருக்கும்டா என்பார். கிறிஸ்தவக் கம்பர் என்று பட்டமே உண்டு.

பாத்திரம் அடைப்பவர் எழுதிய எளிய உரைநடை அது. அதைக் கிருஷ்ணபிள்ளை தனக்குத் தெரிந்த மிகப் பெரிய வடிவத்தில் வார்த்தார். தமிழில் அது கம்பன் நடைக் காப்பியம். மோர்ஸும் தனக்குத் தெரிந்த மிகப் பெரிய வடிவத்தில் வார்த்தார். அவருக்கு அது இரட்டை ஆல்ப ப்ரோக்ரெசிவ் ராக். இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு வந்தவர்கள். ஆனால் விட்டுவந்த இடத்தில் கற்ற வித்தையை இரண்டு பேருமே விட்டுவிட்டு வரவில்லை. கம்பனைக் கீழே வைக்கவில்லை அவர், கீபோர்டைக் கீழே வைக்கவில்லை இவர்.

வீட்டை விட்டுப் போகிறவன் கதை நமக்கு நன்றாகப் பழக்கம். சித்தார்த்தன் ராத்திரியோடு ராத்திரியாகப் போனான், பட்டினத்தார் சொத்தையெல்லாம் விட்டுப் போனார். போனவனுக்குக் கோயில் உண்டு, குருபூஜை உண்டு. தூங்கி எழுந்து அப்பாவைத் தேடின பிள்ளையைப் பற்றிப் பாடத்தான் ஆள் குறைவு.

2019 ஜனவரியில் நீல் மோர்ஸ் பேண்ட் அதைச் செய்தது. 'தி கிரேட் அட்வென்ச்சர்', மறுபடியும் இரட்டை ஆல்பம். பன்யனின் இரண்டாம் பாகத்தை எடுத்தார்கள், ஆனால் கிறிஸ்டியானாவின் கண் வழியாக இல்லை. விட்டுப் போகப்பட்ட மகனின் கண் வழியாக. 'வெல்கம் டு தி வேர்ல்ட்' என்று ஒரு பாட்டு. தலைப்பைப் பார்த்துத் தாலாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பையனுக்கு அத்தனை கோபம். பன்யனின் பையன்கள் சமர்த்து. சொன்ன இடத்தில் வேதவினா விடை ஒப்பிப்பார்கள். அப்பா ஓடிப்போன வீட்டுப் பையன் அப்படியா இருப்பான்? 340 வருஷமாகப் பேசாமல் நின்றவனுக்கு எலக்ட்ரிக் கித்தார் கையில் கிடைத்தால் வேறென்ன செய்வான்!

இசையாகப் பார்த்தால் முதல் ஆல்பம்தான் உசத்தி, எனக்குச் சந்தேகமே இல்லை. மெட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும் விதம் இரண்டாவதில் அந்த அளவுக்கு இல்லை, பழைய மெட்டுகளை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். ஆனால் நாணயம் இரண்டாவதில்தான் அதிகம். அந்த ஒட்டும்கூட ஒரு விதத்தில் நியாயம்: அப்பாவின் மெட்டைத்தான் மகன் கோபத்தோடு திருப்பிப் பாடுகிறான். வேறு மெட்டு அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நான் நாக்பூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. பையன் படிப்பு கெடக்கூடாதென்று வீட்டுக்காரியும் அவனும் பாளையங்கோட்டையிலேயே. எனக்கு எந்த அழிவின் நகரமும் தெரியவில்லை, மோட்சமும் தெரியவில்லை; ஸ்கேல் த்ரீ பிரமோஷன் ஒன்றுதான் தெரிந்தது, கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டியாப்பா, மார்க் வந்துட்டா" என்று கேட்பேன். "ம்" என்பான். அவன் அந்தப்பக்கம் எப்போதும் ஹெட்போனோடு இருக்கிறான் என்று அவன் அம்மா சொல்வாள். இந்தப் பாட்டை அவனுக்கு அனுப்பலாமா என்று ரெண்டு தடவை யோசித்து, அனுப்பவில்லை. அவன் கேட்கிற பாட்டு என்ன என்று முதலில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

விட்டுவந்தவர்கள் திரும்பிப் போகும் கதையும் மோர்ஸிடம் உண்டு. 2009-ல் டிரான்ஸ்அட்லாண்டிக் மறுபடியும் சேர்ந்து 'தி வேர்ல்விண்ட்' போட்டது. 2016 ஜூலையில், 'சிமிலிட்டியூட்' வெளிவருவதற்கு நாலு மாதம் முன்னால், பழைய ஸ்பாக்ஸ் பியர்ட் ஆட்களோடு ஒரே மேடையில் நின்று 'ஸ்னோ' முழுவதையும் பாடினார். பக்கத்தில் ஆலன் கித்தார். 2002-ல் விட்டதை 2016-ல் எடுத்து வைத்தார்கள். அதன் பதிவும் கிடைக்கிறது. 'சிமிலிட்டியூட்'டை 2017-ல் நெதர்லாந்தின் டில்பர்க்கில் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்த பதிவும் இருக்கிறது; ஸ்டுடியோப் பதிவு நீளம் என்று பயப்படுகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம், ஐந்து பேரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு கேட்க நேரம் போவது தெரியாது.

பன்யன் கடைசியில் எப்படிச் செத்தார் என்பதை இந்தப் பாட்டுகளைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் படித்தேன். 1688 ஆகஸ்டில், ஒரு அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் இருந்த மனஸ்தாபத்தைத் தீர்த்துவைக்க ரெடிங் ஊருக்குக் குதிரையில் போனார். சமாதானம் செய்துவைத்துவிட்டு லண்டன் திரும்பும் வழியில் நல்ல மழை. முழுக்க நனைந்துபோய் ஒரு நண்பர் வீட்டில் வந்து இறங்கினார். காய்ச்சல் கண்டது. மாதக் கடைசியில் இறந்துபோனார். அறுபதுகூட முழுசாக முடியவில்லை. பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். கல்லறையின் ஒரு பக்கத்தில் முதுகில் மூட்டையோடு ஒருவன் குனிந்து நடக்கிற மாதிரி செதுக்கியிருக்கிறது, இன்னொரு பக்கத்தில் மூட்டை இறங்கிவிட்டது.